ஒரு மார்க் கருணை

உட்காருங்கள் அண்ணாச்சி, இடம் இருக்கிறது. இவ்வளவு பெரிய பெஞ்சில் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாம் ஏன் அந்த வெயிலில் போய் நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இங்கேதான் காற்று வருகிறது. பக்கத்தில் கக்கூஸ் இருந்தால் என்ன, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறது. உங்களுக்குச் சளியா? மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லையே.

மகளுடைய மார்க் லிஸ்டுக்காக வந்தீர்களா. சரிதான். இந்தப் பல்கலைக்கழக ஆபீசுக்கு வருகிறவர்கள் ஒன்று மார்க் லிஸ்ட் வாங்க வருகிறார்கள், இல்லையென்றால் மார்க்கைக் கூட்டச் சொல்லி வருகிறார்கள். நான் குறைக்கச் சொல்லி வந்திருக்கிறேன். ஒரே ஒரு மார்க். உள்ளே இருக்கிற செக்‌ஷன் ஆபீசர் முதலில் தன் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்தார். "கூட்டணுமா?" என்றார். குறைக்கணும் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சர்வீஸில் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததே இல்லையாம்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கூச்ச சுபாவம். ஆனால் இதை யாரிடமாவது முறையாகச் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் குற்றாலிங்கம். திருநெல்வேலி டவுன். சைவச் சமையல். கல்யாண வீடுகளில் சமைக்கிறவர்களை எங்கள் பக்கம் தவசுப்பிள்ளை என்பார்கள். நான் எட்டாம் கிளாஸோடு அடுப்படிக்கு வந்தவன். முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. நாங்கள் சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. பந்தியில் இலை போட்டு உட்காருகிறவருக்கு முந்தி நாம் நாக்கில் வைத்தால் அது எச்சில். ஆவி மேலே வரும்போது முகத்தைக் கொஞ்சம் காட்டினால் போதும், உப்பு நிற்கிறதா, புளி தூக்குகிறதா, எல்லாம் மூக்கு சொல்லிவிடும். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறவன் எல்லாம் சமையல்காரனே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு கார் வந்து வீட்டு வாசலில் நின்றது. பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்திருக்கிற கேட்டரிங் கல்லூரியின் பிரின்சிபால், ஜெசிந்தா மேடம் என்று பெயர். வட்டாரச் சமையல் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்களாம், அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். "சொதின்னா உங்களை விட்டா ஆள் இல்லன்னு ஒருத்தர் சொன்னாரு சார்" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நல்லது சொல்கிறவர்கள் நாலு பேர் இருக்கத்தானே செய்வார்கள். சொதி தெரியுமில்லையா உங்களுக்கு? கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் பக்கம் அதுதான் சாப்பாடு. தேங்காய்ப் பாலை மூன்று தடவையாகப் பிழிந்து, பின்பால்களில் காயை வேகவைத்து, தலைப்பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரிந்துவிடும்.

சமையல்காரன் என்பதால் என்னை வே, போ என்றுதான் ஆயுசு முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். அடுப்புக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

பாடம் கூட வந்துவிட்டது. மார்க் போடுவதுதான் வரவில்லை. இருபத்தைந்துக்கு இன்டர்னல் மார்க் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். பார்த்தேன், போட்டேன். இருக்கிறதிலேயே நன்றாகச் செய்த மரிய புஷ்பம் என்ற பெண்ணுக்குப் பதினொன்று. ஜெசிந்தா மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பிள்ளைகள் வராந்தாவில் அழுதுகொண்டு நிற்கிறார்கள் என்றார். அழட்டும் மேடம், பீன்ஸை ஆளுக்கொரு நீளத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்றேன். அவர் சிரிக்காமல், எல்லாருக்கும் பத்தைக் கூட்டிப் போட்டுவிடுங்கள் சார், இங்கே அப்படித்தான் வழக்கம் என்றார். எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பந்திக்கு ஆள் கூடிப்போனால் ரசத்தில் ஒரு தவலை வெந்நீரை விட்டுத்தானே ஒப்பேற்றுகிறோம். கூட்டிப் போட்டேன்.

அதேபோலத்தான் கெடு வைப்பதும். ரெக்கார்டு நோட்டைத் திங்கட்கிழமை வைக்கச் சொன்னால் திங்கட்கிழமை வைக்க வேண்டும். நான் முகூர்த்தத்துக்குச் சமைத்தவன். தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வந்து உட்காரும்போது, சாம்பார் புதன்கிழமை வரும் என்று சொல்ல முடியுமா? முதல் திங்களன்று மணி அடித்ததும் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டேன். பாதிப் பேர் வெளியே. மறுபடி மேடம் கூப்பிட்டார். மறுபடி கற்றுக்கொண்டேன். கல்லூரியில் திங்கள் என்றால் வியாழன் என்று அர்த்தம். அதையும் ஒப்புக்கொண்டு எல்லாருக்கும் வியாழன் வரைக்கும் வாங்கினேன்.

ஒருத்தனுக்கு மட்டும் திங்கள் என்றால் திங்கள்தான்.

அவன் பெயர் ஆவுடையப்பன். இன்ஷியல் கோ. கோவன்னா என்றால் கோமதிநாயகம். அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்கு இன்றைக்கும் ஆகாது அண்ணாச்சி. கல்யாண காண்டிராக்டர். பதினாறு வருஷம் அவனுக்குச் சமைத்தேன். அந்தக் காய்ச்சல் வந்ததே, ஊர் உலகம் எல்லாம் வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்தோமே, எனக்கும் வந்தது. பத்து நாள் படுத்தேன், எழுந்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. அது முடிந்து கல்யாணங்கள் தொடங்கின பிறகு முதல் வேலை, பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டுச் சாப்பாடு. சொதியை இறக்கிவிட்டேன். ஆவியில் முகத்தைக் காட்டினேன், சரியாக இருந்தது. முதல் பந்தி பாதியில் கோமதிநாயகம் அடுப்படிக்கு வந்தான். ஒரு கரண்டிச் சொதியை மொண்டு என் முன்னால் நீட்டினான்.

"ஒரு வாய் பாரும்வே" என்றான். "உப்பு ரெண்டு தரம் விழுந்திருக்கு."

அத்தனை பேர் முன்னால் அண்ணாச்சி. சபையில் வைத்து. சபை என்றால், பரிமாறுகிற பையன்கள் ரெண்டு பேர் நின்றார்கள், தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தன் நின்றான். யாராக இருந்தால் என்ன, கண் இருக்கிறது, காது இருக்கிறது. எச்சில் கரண்டியை என்னிடம் நீட்டி, குடி என்கிறான். நான் வாங்கவில்லை. "மூக்குல ஏதும் கோளாறா இருக்கும், டாக்டர்ட்ட காட்டுவோம்வே" என்று தோளில் கை வைக்க வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டேன், நடந்தேன். பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன். பதினாறு வருஷத்துக்கு அதுதான் மரியாதை.

அதற்கப்புறம் எனக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டான். எப்படி என்கிறீர்களா? போன் பண்ணினான், நான் எடுக்கவில்லை. ஆள் விட்டான், நான் போகவில்லை. கார்த்திகை மாதம் நேரிலேயே வந்தான், நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். பிறகு அவன் கூப்பிடவே இல்லை. அப்படிக் கெடுத்தான் என் பிழைப்பை.

அவன் மகன் என் முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறான். எழுந்து நின்று சார் என்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் நினைத்துப் பாருங்கள். தேடிப்போனாலும் கிடைக்காது அண்ணாச்சி, அதுவாக வந்து இலையில் விழுந்திருக்கிறது.

இரண்டாம் நாளே பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான், "எங்க அப்பா உங்களப் பத்தி நெறைய சொல்லுவாங்க சார். மேடத்துக்கிட்ட உங்க பேரச் சொன்னதே அப்பாதான்." எவ்வளவு தைரியம் பாருங்கள். நான் இந்த வேலைக்கு வந்ததே அவன் அப்பன் போட்ட பிச்சை என்கிறான். பொய். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கே ஒழுக்கத்துக்கு இருந்த அஞ்சு மார்க்கில் ரெண்டைக் குறைத்தேன்.

அவன் பண்ணினதையெல்லாம் சொன்னால் நீங்களே ஆத்திரப்படுவீர்கள். ஒரு நாள் நான் கறுப்புப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று இவன் ஓடிப்போய் சிலிண்டரை மூடுகிறான், ஜன்னல்களைத் திறக்கிறான், பிள்ளைகளை எல்லாம் வெளியே போ வெளியே போ என்கிறான். அடுப்பின் திருகு சரியாக மூடவில்லையாம், கேஸ் நிறைந்து கிடந்ததாம். நான் அங்கேதானே நின்றுகொண்டிருந்தேன்? அடுப்புக்குப் பக்கத்தில் நான்தானே நின்றேன்? எனக்குத் தெரியாத கேஸா? வாத்தியார் நிற்கும்போது வகுப்பைக் கலைக்கிற பையனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அவன் மேடத்திடம் போய் சொல்லவும் இல்லை. சொல்லாமல் இருந்தது எதற்கு? என் மேல் பரிதாபப்படுகிறானாம். அந்தப் பரிதாபத்துக்கு இன்டர்னலில் மூன்று மார்க் குறைத்தேன். அப்பனைப் போலவே பிள்ளை.

அந்த வாரம் ரெக்கார்டு நோட்டை அவன் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தான். அவன் அப்பனுக்குத் திங்களன்று வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் இருந்தானாம். நான் கெடுவைக் காட்டினேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் வியாழக்கிழமை கொண்டுவந்தார்கள், வாங்கிக்கொண்டேன். அது வேறு.

கடைசிப் பரீட்சை வந்தது. பிராக்டிகல். எக்ஸாமினர் நான் ஒருத்தன்தான், நான் போடுகிற மார்க்கைக் கல்லூரியில் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நூறு மார்க். நாற்பது வாங்கினால் பாஸ். அதற்குள் ஆவுடையப்பனுக்கு உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல் வேலை கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பாஸ் சர்டிபிகேட்டைக் காட்டினால் கொச்சியில் ஏறிக்கொள்ளலாம். கோமதிநாயகம் படுக்கையில், தொழில் நின்றுபோயிற்று, இனி அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பையன் கையில்தான் என்றார்கள். மரிய புஷ்பம்தான் என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "பாத்துப் போடுங்க சார்" என்றாள். பார்த்துத்தான் போடப் போகிறேன் என்றேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

பரீட்சைக்கு என்ன வைத்தேன்? வேறென்ன, சொதி.

பதினெட்டு அடுப்பு, பதினெட்டுச் சட்டி. நான் ஒவ்வொரு சட்டியாகப் போய்க் குனிந்து ஆவியில் முகத்தைக் காட்டினேன், எழுதினேன். ருசிக்கு மட்டும் முப்பது மார்க். செல்வராணி என்று ஒரு பெண், கெட்டிக்காரி, நல்ல அடக்கம், அவளுக்கு இருபத்தெட்டு போட்டேன். பிற்பாடு பிள்ளைகள் எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிட்டபோது அவள் சட்டியை மட்டும் யாரும் தொடவில்லை, அப்படியே கொட்டினார்கள். பொறாமை. மார்க் அதிகமாக வாங்கினால் கூடப் படிக்கிறதுகளே அப்படித்தான்.

ஆவுடையப்பன் சட்டிக்கு வந்தேன். பார்த்த மாத்திரத்தில் குறை சொல்ல முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். முருங்கைக்காய் ஒரே அளவு. தலைப்பால் திரியவில்லை. எலுமிச்சம்பழத்தை இறக்கின பிறகுதான் பிழிந்தான். குனிந்தேன். நிமிர்ந்தேன்.

"உப்பு இல்லை" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "போட்டேன் சார்" என்றான். இல்லை என்றேன். பக்கத்து அடுப்பு மரிய புஷ்பம் கேட்காமல் கொள்ளாமல் ஸ்பூனை விட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சரியாத்தான சார் இருக்கு" என்றாள். உன் சட்டியைப் பார் என்றேன். அப்போது அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு சுத்தமான கிண்ணத்தில் கொஞ்சம் சொதியை விட்டு, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"ஒரே ஒரு வாய் பாருங்க சார்."

அப்பன் நீட்டின கரண்டியை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தானோ என்னவோ. அதே சொதி, அதே பேச்சு. இந்தத் தடவை பதினெட்டு பிள்ளைகள் முன்னால். கிண்ணத்தை அவன் இறக்கவே இல்லை என்பது உண்மை. பிடித்துக்கொண்டு நிற்கட்டுமே.

ருசிக்குப் பூஜ்யம் என்று அங்கேயே எழுதினேன்.

மார்க்கை ஏற்றுவதற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி. வியாழக்கிழமை பையன் என் வீட்டுக்கு வந்தான். நான் முன்னறையில் பேப்பரை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். கெஞ்சவில்லை அண்ணாச்சி, அதுதான் எனக்கு ஏமாற்றம். அப்பா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான், சட்டென்று நிறுத்திவிட்டு உள்ளே ஓடினான். என் வீட்டு அடுப்படிக்குள். அடுப்பில் பால் இருந்திருக்கிறது, அதை அணைத்தானாம். அப்போது பார்த்து என் வீட்டுக்காரி கோயிலிலிருந்து வந்தாள். "பால் கருகித் தெருமுனை வரைக்கும் நாறுது, நீங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கீங்களே" என்றாள் அவன் முன்னாலேயே. மார்க் கூட்டுகிறவனுக்கு ஆயிரம் கவனம், பாலா பெரிசு? அவனுக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள். என் வீட்டு டம்ளரில் கோமதிநாயகம் மகன் காப்பி குடித்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் சுகந்தி என்கிற பெண் கம்ப்யூட்டரில் மார்க்கை ஏற்றினாள். மற்ற எல்லாருடைய மார்க்கையும் சொல்லிவிட்டு இவன் கட்டத்தை மட்டும் காலியாக விடச் சொன்னேன். நேரம் ஆகுது சார், மூடிரும் சார் என்று அவள் பறந்தாள். இருக்கட்டும் என்றேன். ஒரு காலி கட்டம் அண்ணாச்சி. அதில் நான் என்ன சொல்கிறேனோ அதுதான். என் ஆயுசில் அவ்வளவு ருசியான எதையும் நான் பார்த்ததில்லை.

முதலில் மொத்தத்துக்குமே பூஜ்யம் போடலாம் என்றுதான் இருந்தேன். பூஜ்யம் போட்டால் காரணம் எழுத வேண்டும் சார், என்கொயரி வரும் என்றாள். பெயில் போட்டால்? பெயிலுக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள். சரி என்று கணக்குப் போட்டேன். சுத்தத்துக்கு ஏழு, நறுக்கினதுக்குப் பன்னிரண்டு, செய்முறைக்குப் பதினைந்து, ருசிக்கு ஒன்றும் இல்லை, பரிமாறினதுக்கு அஞ்சு. கூட்டிப் பாருங்கள். முப்பத்தொன்பது. பூஜ்யம் போட ஆத்திரம் மட்டும் போதும் அண்ணாச்சி. முப்பத்தொன்பது போட நிதானம் வேண்டும். வாசல் வரைக்கும் வரவிட்டு, நிலைப்படியில் கால் வைக்கும்போது கதவைச் சாத்துகிற மார்க் அது. ஆயுசு முழுக்க அந்த ஒன்றை நினைத்து நினைத்து அவனும் அவன் அப்பனும் வேக வேண்டும்.

"முப்பத்தொன்பதா சார்?" என்று சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்றேன். லேசாகச் சிரித்துக்கொண்டு சட்டென்று தட்டிவிட்டாள். என் கணக்கைப் பார்த்து அசந்துபோய்ச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

ரிசல்ட் வந்தது. ஆவுடையப்பன் பாஸ். நாற்பது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

நான் நேரே ஜெசிந்தா மேடத்திடம் போனேன். என் கணக்கை யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்தார். "அது கருணை மதிப்பெண் சார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதுன்னு வந்து நின்னா யூனிவர்சிட்டியில தானா நாப்பதாக்கிருவாங்க."

"யாருடைய கருணை?" என்று கேட்டேன்.

"யாரோடதும் இல்ல சார். சிஸ்டம் போட்டுரும்."

யாரோடதும் இல்லாத கருணை! அப்படி ஒன்று உண்டா அண்ணாச்சி? இத்தனை மாதம் இந்த மார்க் விவகாரத்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன், இதை மட்டும் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. முப்பத்தேழு போட்டிருந்தால் போயிருப்பான். ரெண்டு மார்க்கில் தப்பித்துவிட்டான்.

அதோடு விட்டதா? ஸ்டாப் ரூமுக்குள் போகிறேன், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். பிள்ளைவாள் கெட்டிக்காரர்வே, ருசியில் பிடிக்கவில்லை, மனசாட்சிக்கு விரோதமாகப் பாஸும் போட முடியவில்லை, கணக்காக முப்பத்தொன்பதில் நிறுத்தி அந்த ஏழைப் பையனைக் கரையேற்றிவிட்டார் என்கிறார்கள். சுகந்தியும் அப்படித்தான் நினைத்துச் சிரித்திருக்கிறாள். புதுசாக வந்தவர் என்று நினைத்தோம், எவ்வளவு சூட்சுமம் பாருங்கள் என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் கை தட்டினார்கள்.

ஆவுடையப்பன் லட்டு டப்பாவோடு வந்து காலில் விழுந்தான். "நீங்க நெனச்சிருந்தா முப்பதே போட்டிருக்கலாம் சார்" என்று அழுகிறான். நான் டப்பாவை வாங்காமல் நின்றேன். பேசாமல் நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டான். அதற்குள் போனை என் காதில் வைத்துவிட்டான். கோமதிநாயகம். வாதத்தில் நாக்குக் குழறுகிறது, ஆனால் புரிந்தது.

"குத்தாலம்" என்றான், "பெரிய மனசுவே ஒமக்கு."

அண்ணாச்சி, அவன் கரண்டியை நீட்டினபோது கூட எனக்கு அப்படி எரியவில்லை. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நிம்மதியாகப் படுத்திருக்கிறான். நான் அவனுக்கு ஒரு மார்க் கூடப் பிச்சை போடவில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

அதற்குத்தான் விடிந்ததும் பஸ் ஏறி வந்தேன். கப்பலுக்கு அடுத்த புதன்கிழமை போகிறானாம், அதற்குள் முடித்தாக வேண்டும். செக்‌ஷன் ஆபீசர் நல்ல மனுஷர்தான், ஆனால் வளவளவென்று கேள்வி கேட்கிறார். அந்தப் பையன் உங்களுக்கு என்ன செய்தான் என்கிறார். பையன் ஒன்றும் செய்யவில்லை என்றேன். மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். மார்க் போட்ட எக்ஸாமினரே எழுத்தில் ஆட்சேபித்தால் கருணை மார்க்கை எடுத்துவிடலாமாம். உடனே பெயில் ஆகிவிடும், சர்டிபிகேட்டும் ரத்து. ஆனால் ருசிக்குப் பூஜ்யம் போட்டிருப்பதால் ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்றார். இதோ அந்தத் தாள். இதில், "மேற்படி மாணவர் சமைத்ததை நானே உண்டு சுவைத்துப் பார்த்தேன், அதில் உப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

உண்டு சுவைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். மோந்து பார்த்தேன் என்று எழுதுகிறேனே என்றேன். மோந்து பார்த்தெல்லாம் மார்க் போட முடியாது பெரியவரே, அப்படி எழுதினீர்களானால் பதினெட்டு பேருடைய மார்க்கும் செல்லாமல் போய்விடும் என்றார். போய் வெளியே உட்கார்ந்து யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சமைத்த பதார்த்தத்தை நான் வாயில் வைத்தது கிடையாது. அன்றைக்கு அவ்வளவு பெரிய காண்டிராக்டர் நீட்டியும் வாங்கவில்லை. வேலை போனாலும் பரவாயில்லை என்று வந்தவன். இப்போது அவன் மகனைக் கவிழ்க்க வேண்டுமென்றால், ஆமாம், நான் வாங்கினேன், குடித்தேன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் புதன்கிழமை கப்பல் போய்விடும், கோமதிநாயகம் சாகிற வரைக்கும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று சொல்லிக்கொண்டு கிடப்பான்.

எழுதிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் நல்லதாயிற்று. என் எழுத்து சாமான் சீட்டு எழுதுகிற எழுத்து, கோணல்மாணலாக வரும். உங்களிடம் பேனா இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அந்தக் கோடு போட்ட இடத்தில். நானே உண்டு சுவைத்துப் பார்த்தேன். போட்டாயிற்றா? அதில் உப்பு இல்லை.

என்ன அண்ணாச்சி, எழுதாமல் என்னைப் பார்க்கிறீர்கள்? உப்பு நிஜமாகவே இல்லையா என்றா கேட்கிறீர்கள்? நல்ல ஆள் நீங்கள். வாயிலேயே வைக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்?

பேனாவை ஏன் மூடுகிறீர்கள்? சரி, இப்படிக் கொடுங்கள். எட்டாம் கிளாஸ்தான் என்றாலும், இந்த ஒரு வரி எழுத எனக்கு வரும்.